இரும்புக் குழாய்க்கு ஊற்றாத தண்ணீர்

செய்யூர் பக்கம் டி.வி. நிகழ்ச்சிகளை வாங்கி ஊருக்கெல்லாம் அனுப்பும் சின்ன நிலையம் ஒன்றில் பெருக்கித் துடைக்கும் வேலை பார்த்தேன். தொண்ணூறுகளின் நடுவில் இருக்கும். அங்கிருந்த ஒளிபரப்புக் கோபுரத்தின் அடியில் ஒரு சிமெண்டுக் குழி, அதன் நடுவில் இரும்புக் குழாய். தினமும் அதில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பது இன்ஜினியர் சாரின் உத்தரவு. முளைக்காத குழாய்க்கு எதற்குத் தண்ணீர் என்று கேட்க ஆசைதான். கூச்சத்தில் கேட்கவில்லை.

சித்திரையில் அடிபம்பில் தண்ணீர் குறைந்தது. கிடைத்ததை நான் வைத்த கத்தரிச் செடிகளுக்கே ஊற்றினேன். பத்து நாள் குழிக்கு ஒரு சொட்டும் இல்லை.

ஒரு காலையில் சார் ஒளிபரப்பு மெஷினின் இரும்புக் கதவைத் தொட்டுவிட்டுக் கையை உதறினார்.

"சுர்ருங்குது. யம்மா, குழிக்குத் தண்ணி ஊத்துறியா?"

"ஊத்திகினுதான் கீறேன் சார்."

"அப்ப எர்த் சரியாத்தான் இருக்கும். என் கைதான் ஈரம்." பேண்ட்டில் துடைத்துக்கொண்டு மறுபடி கதவுக்குக் கையை நீட்டினார்.

"தொடாத சார்! ஊத்தலே! கத்திரிச் செடிக்கு ஊத்திட்டேன்!"

அவ்வளவு சத்தமாக நான் பேசியதே இல்லை.

சார் மெயினை அணைத்தார். "மெஷின்ல கசியிற கரண்டு ஈர மண்ணுக்குப் போயிடும்மா. மண்ணு காஞ்சா தொடுறவன் மேல பாயும். அந்தக் கத்திரிக்காயை என் காரியத்துக்கா வளர்த்தே?"

பிறகு மண்ணின் மின்தடையைக் காட்டும் மீட்டரைக் குழாயில் இணைத்து, என்னையே ஊற்றச் சொன்னார். குடம் காலியாகக் காலியாக முள் இறங்கியதை இருவரும் குனிந்து பார்த்தோம்.

குழி பத்தடி தூரத்தில்தான் இருந்தது. அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. என் சொல் போதும் என்றுதான் கையை நீட்டினார்.