எலி கடித்த பாவு

என் கையெழுத்து கோணலாக இருக்கும். ஐந்தாவதோடு நின்றவன், எழுத்துப் பிழையும் வரும். பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்லக் கூச்சம், அதனால்தான் எழுதுகிறேன்.

என் மகள் கல்யாணப் புடவையை நானே நெய்தேன். உடம்பு ஒரு நிறம், கரை ஒரு நிறம். அப்படி நெய்ய இரண்டு பேர் வேண்டும். கரை நூலைக் குறுக்கே ஓட்டும் நாடாவைப் போடுவது என் அண்ணன். இருபது வருஷமாக அவர்தான்.

அந்த வருஷம் அவருக்கு மனசு கெட்டுப்போயிற்று. தூக்கமில்லை. யாரோ திட்டுகிறார்கள் என்று சுவரோடு சண்டை போடுவார். ஒரு காலையில் நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள், தறிப்பலகையில் இருந்த கத்தியை எடுத்து, தறியில் நீளவாக்கில் கட்டியிருந்த பாவு நூலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை அறுத்துவிட்டார். புடவை பாதிதான் முடிந்திருந்தது.

அவரை மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மயக்க ஊசி போட்டு, மூளைக்குக் கரண்ட் வைத்தார்கள். அதற்கு முந்தின கொஞ்ச நாள் நடந்தது மறந்துபோகும் என்றார் டாக்டர். அவர் அங்கே இருந்தபோது நான் அறுந்த இழைகளைச் சாம்பல் தொட்டு ஒவ்வொன்றாக முறுக்கி ஒட்டினேன். அவர் ஆவேசத்துக்குக் கரண்ட் இருந்தது. என் ஆத்திரத்துக்கு எதுவும் இல்லை.

திரும்பி வந்ததும் சாந்தமாக இருந்தார். அண்ணி வந்து கேட்டார்:

"வூட்ல சும்மாவே உக்காந்துக்கினு இருக்கிறாரு. தறிக்குக் கூப்பிட மாட்டியாப்பா?"

வேறு ஆளை உட்காரவைத்தேன், கரை கோணிற்று. கல்யாணம் நெருங்கியது. வேறு வழியில்லாமல் அவரையே கூப்பிட்டேன். கத்தியை மட்டும் என் இடுப்பில் செருகிக்கொண்டேன்.

அவர் கைக்கு வேலை மறக்கவில்லை. மூன்றாம் நாள், ஒட்டுப்போட்ட இடம் எங்கள் முன்னால் வந்தது.

"இன்னாடா இவ்ளோ ஒட்டு? யார்டா அறுத்தது?"

'நீதான்' என்று நாக்கு வரை வந்துவிட்டது. நாடாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"எலிண்ணா."

"எந்த ஊர் எலிடா ஸ்கேல் வச்சிக் கடிக்குது?"

சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு ஒட்டுகளை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். என்னைப் பார்க்கவில்லை.

"நானாடா?"

"நாடாவப் போடுண்ணா. நேரமாவுது."

போட்டார். சாயங்காலம் வரை நெய்தோம்.

மறுநாள் கத்தியைப் பழையபடி பலகைமேல் வைத்தேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உட்கார்ந்தார். அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டுதான் மகள் மணையில் உட்கார்ந்தாள். ஒட்டு கொசுவத்துக்குள் போய்விட்டது.

ஆறு வருஷம் கழித்து இன்றுதான் எழுதினேன்.

26-8-2003, செவ்வாய்க்கிழமை.