எட்டாம் மாதத்துப் பிள்ளை

எனக்கு முதலில் பிறந்த இரண்டும் மாதம் நிறையாமல் பிறந்து, தொட்டில் கட்டும் முன்பே போய்விட்டன. கண்ணேறு என்றார்கள், காட்டேரி என்றார்கள். கல்கூடையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. கோரமண்டல் தங்கச் சுரங்கத்தில், ஷாஃப்டுக் குழியிலிருந்து மேலே வரும் கல்லை உடைக்கிற இடத்துக்குச் சுமப்பது எங்கள் வேலை. வயிறு தள்ளினாலும் கூடையில் ஒரு கல் குறையாது. மழை விட்டால் கூலிக்காரர்களின் லைன் வீடுகளில் குளிர்காய்ச்சல் வேறு. கேழ்வரகுக் கூழைக் குடித்துவிட்டு இத்தனையும் தாங்கினால் பிள்ளை எப்படி உள்ளே தங்கும்?

மூன்றாவது எட்டாம் மாதத்தில் வந்தது. காய்ச்சலோடு கூடை தூக்கப் போன எனக்கு மத்தியானமே வலி எடுத்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரிதான் தாங்கிப் பிடித்து வீட்டுக்குக் கூட்டி வந்தாள். பிரசவமும் அவளே பார்த்தாள். ஆண் பிள்ளை. அழக்கூட அதற்குத் தெம்பில்லை.

என் மாமியார் எட்டிப் பார்த்துவிட்டுச் சுவரோரம் போய் உட்கார்ந்துகொண்டார். "ஏழுல பொறந்தா பொழைக்கும், எட்டுல பொறந்தா தங்காது. மாருல போடாதம்மா. பாசம் வெச்சிட்டு அப்பறம் நீதான் அழுவணும்," என்றார். கெட்ட மனம் இல்லை. இன்னொரு முறை நான் கதறுவதைப் பார்க்க அவரால் முடியாது. எனக்கோ எழுந்து உட்காரவும் சீவன் இல்லை.

பக்கத்து வீட்டுக்காரி திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்: "இன்னா பெரியம்மா எட்டுன்றீங்க? ஏழுதான் ஆவுது. இவ கடைசியா தலைக்கு ஊத்திக்கினது எனக்குத் தெரியாதா?"

மாமியார் எழுந்தார். "ஏழா? இத முன்னயே சொல்றதுக்கு இன்னா? குடு இப்படி." பிள்ளையைத் தன் மாரோடு சேர்த்துப் பழஞ்சேலையால் கட்டிக்கொண்டார். எனக்குக் காய்ச்சல் விடும்வரை கீழே இறக்கவில்லை. என் பாலைத் துணித்திரியில் நனைத்துச் சொட்டுச் சொட்டாக வாயில் விட்டதும் அவர்தான். பிள்ளை பிழைத்தான். அந்த இரண்டு பேருக்கும் ஏழேழு ஜென்மத்துக்கும் நான் கடமைப்பட்டவள்.

பேர் வைக்கிற அன்று பக்கத்து வீட்டுக்காரியைத் தனியாகப் பிடித்தேன். "எட்டுதான்னு எனக்குத் தெரியும்கா. உனக்கும் தெரியும். அப்பறம் ஏன் ஏழுன்ன?"

"என்னுதும் எட்டுதான்டி," என்றாள். "தங்காதுன்னு மூலையில போட்டுட்டாங்க. சாயந்திரம் வரைக்கும் மூச்சு இருந்துச்சு. ஒருத்தரும் தூக்கல."

எங்கள் வழக்கத்தில் பிள்ளையின் காதில் முதலில் பேர் சொல்வது அத்தை முறைக்காரிதான்; இவள் உறவுகூட இல்லை. நான் பிள்ளையை அவள் மடியில் வைத்து, "நீயே சொல்லுக்கா," என்றேன். மாமியார் முறைத்தார். முறைக்கட்டும். அவள் பிள்ளையைத் தூக்கி மாரோடு அணைத்துக்கொண்டு, அவன் காதில் பேரைச் சொன்னாள்.