அம்மாவின் கை வழுக்கிய நாள்

என் முதல் நீச்சல் போட்டியில் நான் பாதித் தூரத்திலேயே ஜெயித்துவிட்டேன். அப்படித்தான் நினைத்தேன். கைதட்டலுக்குக்கூடக் காத்திருந்தேன். இதை இப்போது சொன்னால், என் பதக்கங்களைப் பார்க்க வருகிறவர்கள் நான் தன்னடக்கத்துக்காகக் கதை கட்டுவதாக நினைக்கிறார்கள். தன்னடக்கம் எனக்கு அன்றும் கிடையாது, இன்றும் கிடையாது.

இரண்டு வயதில் வந்த இளம்பிள்ளை வாதம் என் இடது காலைச் சூம்ப வைத்துவிட்டுப் போனது. தொடையிலிருந்து பாதம் வரை இரும்புக் கம்பியும் தோல்வாரும் பூட்டிய காலிப்பரை மாட்டி, கம்பு ஊன்றித்தான் நடப்பேன். கிணிங் கிணிங் என்று சத்தம் வரும். நான் வருவதைப் பள்ளிக்கூடத்தில் எல்லாரும் தலையைத் திருப்பாமலே சொல்லிவிடுவார்கள். நல்லவேளையாக எங்கள் ஊர் பேட்டைக்கு மேற்கே, தாமிரபரணிக் கரையில் இருந்தது. தண்ணீரில் இறங்கிவிட்டால் கால் ஒரு பொருட்டே இல்லை. கம்பு ஊன்றி ஊன்றி உரமேறிய கைகள் மற்றதைப் பார்த்துக்கொள்ளும்.

அம்மாவுக்கும் எனக்கும் ஒரு வழக்கம் இருந்தது. படித்துறையில் காலிப்பரைக் கழற்றி அவளிடம் கொடுத்துவிடுவேன். அவள் அதை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, சற்று மேலே இருந்த அணைக்கட்டின் மீது முழங்கால் தண்ணீரில் நடந்து அக்கரைக்குப் போவாள். அங்கே நின்று அவள் கையசைத்த பிறகுதான் நான் நீந்த வேண்டும். நான் கரையைத் தொட்டதும் கை நீட்டித் தூக்கி, யார் கண்ணிலும் படுவதற்குள் துண்டைச் சுற்றி, காலிப்பரை மாட்டிவிடுவாள். என் காலை ஊர் பார்த்துவிடுமோ என்று அவளுக்கு அவ்வளவு பயம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் பள்ளிக்கூடத்து பி.டி. டீச்சர் அதே படித்துறைக்குக் குளிக்க வந்தார். "ஏம்மா, உங்க மவளா இது? மீனு மாதிரில்லா போவுதா!" என்றார். அந்தக் காலத்தில் நீச்சல் போட்டிக்குப் பெண் பிள்ளைகள் கிடைப்பது குதிரைக் கொம்பு. காலைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை, பேரை மட்டும் எழுதிக்கொண்டார்.

அப்பா தாலுகா ஆபீஸில் குமாஸ்தா. முப்பாட்டன் காலத்து வயல்களெல்லாம் கைமாறிப் போனாலும், கௌரவம் மட்டும் பட்டா மாறாமல் அவர் பேரிலேயே இருந்தது. "பொம்பளப் பிள்ள, அதுவும் இந்தக் காலோட, நாலு பேரு முன்னால போயி நிக்கணுமா?" என்றார். அம்மா மூன்று நாள் ரசத்தில் உப்பைக் குறைத்தாள். நான்காம் நாள் அப்பா இறங்கி வந்தார். "ஒரே ஒரு தடவ போயிட்டு வரட்டும். தோத்துட்டு வந்தா, அதுக்குப் பொறவு ஆத்துப் பக்கமே போவப்பிடாது. சரிதானா?"

எனக்குப் பன்னிரண்டு வயது. ஆறு இல்லாத ஒரு நாளை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. எல்லாவற்றுக்கும் சரி என்று தலையாட்டினேன்.

பாளையங்கோட்டைக்குப் பஸ் பிடித்துப் போய்ச் சேரும்போது தாமதமாகிவிட்டது. பி.டி. டீச்சர் என் பேரைச் சொல்ல நடுவர் மேஜையை நோக்கி ஓடினார். நான் நீச்சல் குளத்தைப் பார்த்தேன். சிரிப்பு வந்துவிட்டது. இதுதானா டீச்சர் சொன்ன ஐம்பது மீட்டர்? எங்கள் ஆற்றில் பாதிகூட இல்லையே! போய்த் திரும்பி வந்தால்தான் ஐம்பது என்பது டீச்சருக்குத் தெரியும். எங்களுக்கும் அது தெரிந்திருக்கும் என்று அவர் நினைத்துக்கொண்டார். ஆற்றில் நீந்துகிறவர்களுக்கு அக்கரை வந்தால் முடிந்தது. யாராவது கரை தொட்ட கையோடு திரும்பிப் போவார்களா?

அம்மாவும் அப்படித்தான் நினைத்தாள். காலிப்பரை வாங்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டு, "நான் அங்கன போயி நிக்கேன். பதறாம வா" என்று சொல்லி எதிர் முனைக்குப் போனாள்.

முதல் போட்டியே எங்களுடையது. மற்ற ஐந்து பேர் மேடைமீது ஏறிக் குனிந்து நின்றார்கள். ஒற்றைக் காலில் நிற்க முடியாத நான் தண்ணீருக்குள் சுவரைப் பிடித்துக்கொண்டேன். கூட்டத்தில் யாரோ "அடப் பாவமே" என்றது காதில் விழுந்து உடம்பெல்லாம் எரிந்தது. விசில் ஊதினார்கள்.

பிளீச்சிங் பவுடர் வாசம் அடித்த அந்தத் தண்ணீரில் இழுப்பே இல்லை. ஆற்றை எதிர்த்துப் பழகிய கைகளுக்கு அது வெறும் விளையாட்டு. தலையைத் தூக்கியபோது பக்கத்தில் ஒருத்தியும் இல்லை. எதிர்ச் சுவரைத் தொட்டு, வலது கையை மேலே நீட்டினேன். அம்மா குத்தவைத்து உட்கார்ந்து, முகமெல்லாம் சிரிப்பாகக் கை நீட்டியிருந்தாள். என் விரல் நுனி அவள் விரலில் பட்டுவிட்டது.

அப்போதுதான் மற்றவர்கள் வந்தார்கள். சுவரைத் தொட்டார்கள், புரண்டார்கள், வந்த வழியே போனார்கள். அம்மா அவர்களைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். அதோடு விடாமல் எழுந்து நின்று, காலிப்பரை இரண்டு கைகளாலும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"அம்மா, தூக்கு!"

"ஏட்டி, இன்னும் முடியல. திரும்பிப் போ!"

"தூக்கும்மா!"

"போ, ஏட்டி!"

அவள் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. ஐந்து பேர் முன்னால் போய்விட்டார்கள் என்பதைவிட, பெற்ற தாய் கை கொடுக்கவில்லை என்பதுதான் பெரிதாகத் தெரிந்தது. வலது காலால் சுவரை உதைத்தேன். அதற்குப் பிறகு நான் அடித்த அடியெல்லாம் தண்ணீர்மேல் விழுந்தது, ஆனால் கோபமெல்லாம் அம்மாமேல். ஒருத்தியின் கால் தெரிந்தது, தாண்டினேன். இன்னொருத்தி, அதற்கு அடுத்தவள். கடைசியாக ஒரு நீலத் தொப்பி மட்டும் மிச்சம். சுவரை நானும் அவளும் சேர்ந்தே தொட்டோம் என்றுதான் நினைத்தேன். டீச்சர் "நீதான் ஒரு சாண் முன்னாலடி!" என்று அலறிக்கொண்டு, புடவை நனைய என்னைக் கட்டிக்கொண்டு மேலே இழுத்தார்.

காலிப்பர் எதிர் முனையில் இருந்தது. குளத்தின் விளிம்பில் உட்கார்ந்திருந்த என் சூம்பிய காலை அத்தனை கூட்டமும் பார்த்தது. நான் அதை மறைக்கவே மறந்துபோனேன். ஜெயித்தவளுக்கு ஆயிரம் வேலை. கைதட்டலை யார் வாங்கிக்கொள்வது? கையிலிருந்த காலிப்பர் கிணிங் கிணிங் என்று ஒலிக்க அம்மா ஓடி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளும் அதை மாட்டிவிட அவசரப்படவில்லை.

திரும்பும் பஸ்ஸில் கேட்டேன். "ஏம்மா கைய இழுத்த?"

அம்மா சன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னாள். "இழுக்கலட்டி. ஈரக் கையில்லா, வழுக்கிட்டு."

அப்பா சான்றிதழை இரண்டு முறை படித்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூன்றாம் முறை படித்தார். மறுநாள் அது செய்தித்தாளில் சுற்றப்பட்டு அவரோடு தாலுகா ஆபீஸுக்குப் போய், சாயங்காலம் ஓரத்தில் டீக்கறையோடு திரும்பி வந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டார், "அடுத்த போட்டி எங்கயாம்?"

அடுத்தது மதுரை. அதற்குப் பிறகு சென்னை, பெங்களூர், ஊனமுற்றோருக்கான தேசியப் போட்டி, கடல் தாண்டியும் இரண்டு முறை. எல்லாக் குளத்திலும் அம்மா திரும்பும் முனையில்தான் நிற்பாள். கைகள் இரண்டும் பின்னால் இறுகக் கோத்திருக்கும்.

மதுரையில் போட்டி தொடங்குமுன் காலிப்பரைக் கழற்றிக் கொடுத்தபோது, பையிலிருந்து ஒரு துண்டையும் எடுத்து அவளிடம் நீட்டினேன். "கைய நல்லாத் தொடச்சிக்கோ. அன்னைக்கு மாதிரி வழுக்கிறப் போவுது."

அம்மா என்னைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு துண்டை வாங்கி, பெரியவர்கள் சொன்னதைக் கேட்கும் பிள்ளை மாதிரி, இரண்டு கைகளையும் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டாள். இனிமேல் வழுக்காது என்ற நிம்மதியில் நான் தண்ணீரில் இறங்கினேன்.