எழுபதாயிரத்தில் மிஞ்சும் ஏழு

ஸுஹைரா ராத்தா மௌத்தாகிவிட்டார்... இன்று ஸுபஹுத் தொழுகைக்குப் பிறகு. லுஹர் தொழுகையோடு கல்முனைக்குடியில் கப்ரில் அடக்கமும் முடிந்தது.

நான்கு வருடம் ஒரே பார்மசி கவுண்டரில் அவருக்குப் பக்கத்தில் நின்றவள் நான். மௌத்துச் செய்தி வந்த மெசேஜை மூன்று தடவை வாசித்தேன்.

தெரியாதவர்களுக்காக... எங்கள் பக்கத்தில் ஒருவர் மௌத்தானால், குடும்பத்துப் பெண்களும் அயலவர்களும் 'லாஇலாஹ இல்லல்லாஹ்' என்ற கலிமாவை எழுபதாயிரம் தடவை பங்கு பிரித்து ஓதி, அதன் நன்மையை அவருக்குச் சேர்ப்பார்கள். ஓதலாமா கூடாதா என்ற விவாதம் இன்று கமெண்டில் வேண்டாம், தயவுசெய்து.

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் பங்கு பிரிப்பது ராத்தாதான். கால்குலேட்டர் தொடமாட்டார். காலி மருந்துப் பெட்டியின் பின்பக்கம் போதும்.

"எத்தின பேருகா?"

"இருவத்தெட்டு, ராத்தா."

"ஆளுக்கு ரெண்டாயிரத்தி ஐநூறு. மிச்சமில்ல."

ஒரு நாள் ஆள் வராத மத்தியானம், எழுபதாயிரத்தையே உடைத்துக் காட்டினார். நாலு இரண்டு, நாலு ஐந்து, ஒரே ஒரு ஏழு. எல்லாவற்றையும் பெருக்கினால் எழுபதாயிரம்.

"அம்பது எண்ணால மிச்சமில்லாமப் பிரியும் புள்ள. மூணால ஏலா. எப்பவும் ஒண்டு மிஞ்சும்."

"மூணு பேர்தான் ஓத வந்தா?"

"மூணு பேர் மட்டும் வாற மாதிரி ஏன் வாழ்ந்தாய் எண்டு மையத்துக்கிட்டக் கேக்கணும்."

மிஞ்சுவதை அவரே ஓதிவிடுவார். பட்டியலில் எழுதமாட்டார். பக்கத்தில் நின்றதால் எனக்குத் தெரியும்.

என் சாச்சி மௌத்தானபோது எனக்கு இரண்டாயிரம் வந்தது. பரீட்சை நேரம். ஆயிரத்து இருநூறோடு நிறுத்திவிட்டு, குழுவில் "முடிந்தது" என்று எழுதினேன். எல்லாம் நிறைந்துவிட்டதென்று முடிவுத் துஆவும் ஓதிவிட்டார்கள்.

ஒரு கிழமை தாங்கினேன். பிறகு மருந்து அடுக்கிக்கொண்டிருந்த ராத்தாவிடம் சொன்னேன்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. "எத்தின குறையுது?"

"எண்ணூறு..."

"நானூறு நீ ஓது. நானூறு நான். மறுகா இதக் கதைக்காத."

அவர் கதைக்கவே இல்லை. ஒருவரிடமும்.

இன்று பின்னேரம் அவருக்கான பட்டியல் வந்தது. அவருடைய மகள் போட்டிருந்தாள். முப்பத்து மூன்று பேர், ஆளுக்கு 2121. அழுத கண்ணோடு போட்ட கணக்கு, பாவம்.

பெருக்கிப் பார்த்தேன். 69,993.

ஏழு குறைகிறது. குறைவதைப் பார்த்துச் சத்தமில்லாமல் ஓதிவிடுகிறவர்தான் இப்போது இல்லை...

மகளிடம் சொல்லவில்லை. அவள் முகநூலில் இல்லை, இதைப் பார்க்கமாட்டாள். என் பங்கைத் தொடங்குமுன் அந்த ஏழு கலிமாவையும் ஓதிவிட்டேன்.

இன்னும் இரண்டாயிரத்து நூற்று இருபத்தொன்று இருக்கிறது, ராத்தா. முழுவதும் ஓதிய பிறகுதான் "முடிந்தது" என்று எழுதுவேன்.

உங்கள் கப்ரு விசாலமாகட்டும்.