உள்ளறையில் ஒருவர்

பேய், பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் முறத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்து போகிறவள் நான். சாமி வந்து ஆடினவளையே முகத்துக்கு நேராகப் பார்த்து, “போதும்டி, குந்து” என்று சொல்லியிருக்கிறேன். இதை நீங்கள் நம்பத்தான் வேண்டும் என்று இல்லை. எழுத்துக்கூட்டித்தான் எழுதுகிறேன், அதனால் மெதுவாகத்தான் வரும்.

கும்மிடிப்பூண்டியில் எங்கள் வீடு. என் வீட்டுக்காரர் இரும்பு உருக்குகிற கம்பெனியில் காலமெல்லாம் உலைக்கு முன்னால் நின்றவர். அந்த வெளிச்சத்திலேயே கிடந்த மனுஷனுக்கு இருட்டு ஆகாது. பக்கவாதம் வந்து கை, கால், வாய் எல்லாம் விழுந்த பிறகு ஜன்னல் இல்லாத உள்ளறையில்தான் கட்டில் போட முடிந்தது. “உன்ன இருட்டுல உடமாட்டேன்” என்று அவர் தலைமேல் கை வைத்துச் சொன்னேன். கண்ணை மூடித் திறந்தார்.

மகன் திருவள்ளூர்ப் பக்கம் ஒரு காலேஜில் ஆராய்ச்சி செய்கிறான். நாம் வாயைத் திறந்து கேட்காமலே வீடு நம்மைப் புரிந்துகொள்ளுமாம். நம் வீட்டிலேயே சோதிக்கிறேன் என்று வந்து, மூலைக்கு மூலை வெள்ளைக் குமிழ் ஒட்டி, சுவிட்சை எல்லாம் கழற்றிவிட்டான். ஆள் வந்தால் லைட்டும் ஃபேனும் தானாக ஓடும், ஆள் போனால் நின்றுவிடும். கூடத்தில் ஒரு பெட்டி. எந்த அறையில் ஆள் இருக்கிறது என்று கேட்டால் பெண் குரலில் சொல்லும்.

அசைந்தால்தான் அதற்கு ஆள். அவர் எங்கே அசைவார்? நான் அடுப்படிக்குப் போனால் போதும், உள்ளறை இருண்டுவிடும். ஓடிப்போய்க் கையை ஆட்டினால் வெளிச்சம் வரும், பார்த்தால் அவர் முகமெல்லாம் வேர்வை, துடைத்துக்கொள்ள முடியாமல் கிடப்பார்.

மகனும் அவன் சிநேகிதனும் கூடத்தில் லேப்டாப்போடு உட்கார்ந்து பெட்டியைக் கேட்டார்கள். “உள்ளறையில் யாரும் இல்லை” என்றது.

“டேய், நைனா உள்ளதான் கீறாரு” என்றான் மகன்.

“அசையலயே மச்சி. கணக்குல வரமாட்டாரு” என்று சிநேகிதன் சிரித்தான். மகனும் சிரித்தான்.

கதவு திறந்துதான் இருந்தது. அவருக்குக் காது மட்டும் நன்றாகக் கேட்கும். போய்ப் பார்த்தேன், கண்ணீர் வழிந்து காதுக்குள் போயிருந்தது.

“சுவிட்ச மாட்டுடா” என்றேன்.

“இந்த மாசம் போவட்டும்மா. இப்ப தொட்டா எடுத்த கணக்கெல்லாம் பூடும்.”

ஒரு நாள் பகலில் மீன் வாங்கப் போனேன். திரும்பி வந்து உள்ளறையில் கால் வைத்ததும் லைட் எரிந்தது, ஃபேன் சுற்றியது. திறந்த கண்ணோடு கிடந்தார். மூச்சு இல்லை.

காரியம் முடிந்து சொந்தமெல்லாம் கிளம்பிப்போன மத்தியானம், நானும் மகனும் கூடத்தில் இருக்கிறோம். உள்ளறை லைட் தானாக எரிந்தது, ஃபேன் சுற்றியது. அங்கே கட்டில்கூட இல்லை, தூக்கிப் போட்டாகிவிட்டது. மகன் பெட்டியைக் கேட்டான். “உள்ளறையில் ஒருவர் இருக்கிறார்” என்றது அதே குரல்.

சிநேகிதன் வந்து பார்த்தான். “பல்லியா இருக்கும் ஆன்ட்டி.”

“பல்லி ஆளு, எங்க ஊட்டுக்காரரு ஆளில்ல. அப்படித்தான?” என்றேன்.

குமிழை மாற்றினார்கள். புதுசும் அதையேதான் சொன்னது. அதோடு முடிந்திருந்தால் நானும் பல்லி என்றே விட்டிருப்பேன். அன்று சாயங்காலம் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறேன், லைட் அணைந்துவிட்டது. கையை ஆட்டினேன். எழுந்து நின்று ஆட்டினேன். வரவில்லை. மகன் அடுப்படி வாசற்படியில் கால் வைத்தான், எரிந்தது. அவன் போனான், அணைந்தது.

மகன் பயப்படுவான் என்று நினைத்தேன். “இது புதுசா கீதும்மா, கொஞ்ச நாளு இப்படியே இருக்கட்டும்” என்று லேப்டாப்பைத் தட்ட ஆரம்பித்தான்.

சொன்ன மாசம் போனதும் குமிழ்களை அப்படியே விட்டு, அவனே சுவிட்சுகளை மாட்டினான், உள்ளறையைத் தவிர. அங்கே அவன் நுழைவதில்லை, லைட் இன்னும் எரிகிறது. இப்போது காலேஜ் பக்கம் மணவாள நகரில் வீடு எடுத்துக்கொண்டு, அங்கே வந்துவிடு என்று கூப்பிடுகிறான். ஆளில்லை என்று ஒரு பெட்டி சொல்லி, என் வீட்டை விட்டு நான் கிளம்புவதா?

தினமும் விளக்கு வைத்ததும் அந்தப் பெட்டி எதிரில் உட்கார்ந்து நானே கேட்கிறேன், “ஊட்ல யாரு யாரு கீறாங்க?”

“உள்ளறையில் ஒருவர் இருக்கிறார். வேறு யாரும் இல்லை” என்கிறது. என் கேள்விக்குத்தான் பதில் சொல்கிறது.