படத்துக்குக் கீழே விட்ட இடம்

இன்று லண்டன் கல்லூரியில் என் ஓவியத்தை எல்லோர் முன்பும் வைத்துப் பேசினார்கள்.

மேலே இருக்கன்குடி மாரியம்மன். கீழே கால்வாசி வெறும் வெள்ளை.

"இந்த வெற்றிடத்தில் எவ்வளவு தனிமை!" என்றார் ஆசிரியை. வகுப்பே தலையாட்டியது.

அது தனிமை இல்லை. அப்பா சிவகாசியில் காலண்டருக்குப் படம் வரைபவர். அவரிடம் பழகிய கை, கடைப் பெயருக்கும் தேதித்தாளுக்கும் தன்னாலே இடம் விட்டிருக்கிறது.

வெளியே வந்து அப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"சரியாத்தாம்லே விட்டிருக்க. எந்தக் கடை ஆர்டர்?" என்று கேட்டார்.

"ஆர்டர்லாம் இல்லப்பா."

"பெறகு யாருக்குலே வரைஞ்ச?"



இந்த ஊரில் இதைச் சொல்லிச் சிரிக்கவும் ஆள் இல்லை. இதைப் படிப்பவர்களில் சிவகாசிப் பக்கத்து ஆட்கள் யாராவது இருந்தால் ஒரு வரி எழுதிச் சிரித்துவிட்டுப் போங்கள்.

கீழே இடம் விட்டிருக்கிறேன்.