தூலியோ மாமாவின் வழக்கமான காபி

இத்தாலியின் திரியெஸ்தே துறைமுகத்தில் இறங்கிய காபிக் கொட்டை ஒவ்வொன்றும் தூலியோ வாஸ்கோட்டோவுக்கு வணக்கம் வைத்துவிட்டுத்தான் ஊருக்குள் போகும். காலையில் அவர் முதல் காபியைக் குடித்து மீசையைத் துடைக்கிறவரை சூரியன் மலைக்குப் பின்னால் கைகட்டி நிற்கும். அப்பேர்ப்பட்ட மனிதரைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றுகூடக் கிடையாது. அவர் கீழ்வீடு, நாங்கள் மேல்வீடு.

கப்பலிலிருந்து காபி மூட்டை இறக்கும் கிரேனை ஓட்டுவது அவர் வேலை. உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு, உள்ளே அவர் மட்டும். பேச்சுத் துணைக்கு அவ்வப்போது ஒரு கடற்புறா. தனிமையைக் கரைத்துக் குடித்தவர் என்றுதான் நினைத்திருந்தேன். கீழே இறங்கினால் நெரினா அத்தை இருப்பார் என்பதால்தான் அவரால் மேலே தனியாக இருக்க முடிந்தது என்பது அத்தை செத்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

எங்கள் தெருமுனையில் லொரெதானாவின் காபிக்கடை. மாமாவும் அத்தையும் தினமும் காலையில் அங்கே தோளோடு தோள் ஒட்டி நின்று குடிப்பார்கள். கப்பில் ஒரு கடுங்காபி, சின்னக் கிளாஸில் பால்நுரை போட்டது ஒன்று. அவர்கள் வாயைத் திறந்து கேட்டதே இல்லை. கதவுக் கண்ணாடியில் முகம் தெரிந்ததுமே லொரெதானா மெஷினைத் திருகிவிடுவாள். 'என்ன வேணும்' என்று கேட்டால் எங்கள் ஊரில் 'நீ யாரு' என்று கேட்டதற்குச் சமம்.

அடக்கம் முடிந்த மறுநாள் மாமா தனியாக வந்தார். லொரெதானா அவர் முன்னால் இரண்டையும் வைத்துவிட்டாள்.

"என் கை என்னைக் கேக்கலடி ஜெம்மா," என்று பிறகு என்னிடம் அழுதாள். "அவரைப் பார்த்ததும் தன்னால ரெண்டு போட்டுடுச்சு."

மாமா இரண்டையும் குடித்தார். தொப்பியை மாட்டிக்கொண்டு போனவர் அப்புறம் அந்தப் பக்கம் தலைகாட்டவே இல்லை.

வீட்டில் போட்டுக்கொள்ளலாம்தான். ஆனால் அவர் வீட்டு அடுப்பில் வைக்கிற காபிக் குடுவை இரண்டு பேருக்கானது. அதைப் பாதி நிரப்பினால் பாத்திரம் கழுவின தண்ணீர்தான் வரும். ஒருவருக்கான சின்னக் குடுவையும் கடையில் விற்கிறார்கள். அவர் வாங்கவில்லை.

ஆகவே ஊரில் இருக்கிற மற்றக் கடைகளுக்குப் போக ஆரம்பித்தார். சில நாளில் கடைக்காரன் முகத்தை நினைவில் பிடித்துவைத்துக்கொண்டு, "வழக்கமானதுதானே?" என்பான். மறுநாள் மாமா அடுத்த கடைக்குப் போய்விடுவார். யாரும் தன்னை அறியாத இடமாகப் பார்த்து, தெருத் தெருவாக வீட்டைவிட்டு விலகிப் போய்க்கொண்டே இருந்தார். ரயில் நிலையத்தில் பெட்டியோடு நிற்கிறவர்கள் நடுவே பெட்டி இல்லாமல் நின்று அவர் காபி குடிப்பதை வெளியிலிருந்து பார்த்தேன். எனக்கென்ன, பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட ஒரு சாக்கு, அவ்வளவுதான்.

அப்போதுதான் ஒரு குறும்பு தோன்றியது. அவர் அடுத்து நுழையப்போகிற கடையை ஊகிப்பது பெரிய வித்தை இல்லை. வரிசையாகத்தான் போவார். நான் முந்திக்கொண்டு நுழைந்தேன்.

"அண்ணே, நீலத் தொப்பி, வெள்ளை மீசை, இப்ப வருவாரு. எங்கப்பா. கொஞ்சம் மறதி. புது ஆள் மாதிரி நடத்தினா மனசு ஒடிஞ்சிடுவாரு. கப்புல கடுங்காபி."

மாமா உள்ளே வந்தார்.

"வாங்க தலைவரே! வழக்கமானதுதானே?"

"நான் இங்க வந்ததே இல்லையே."

"சரி சரி, வந்ததே இல்ல. ஆறிடப்போகுது, குடிங்க."

மாமா முழித்த முழியைப் பார்த்து வாசலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். மறுநாள் அடுத்த கடை, அதே வரவேற்பு. மீன் சந்தைக் கடையில் ஒருவன் கட்டியே பிடித்துக்கொண்டான். இப்படி எல்லாக் கதவையும் அடைத்துவிட்டால் லொரெதானாவிடம் திரும்பித்தானே ஆகவேண்டும்!

கடைசியாக மலைமேல் ஒரு கடை. பஸ் பிடித்து முன்னாலேயே போய்ச் சொல்லிவைத்தேன். அங்கேயும் கப்பு தயாராக வந்ததும் மாமா அதை உற்றுப் பார்த்தார். தொடவில்லை. தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டு வெளியே போய், காற்றில் வெறுமனே நின்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இனி இந்த மனிதர் எங்கேயும் காபி குடிக்க மாட்டார், நான் கெடுத்துவிட்டேன் என்று பயந்துபோனேன்.

சில நாள் கீழ்வீட்டுக் கதவு திறக்கிற சத்தமே கேட்கவில்லை. ஒருநாள் காலை லொரெதானா கடையில் நான் காபியும் கையுமாக நிற்கிறேன், கதவுக் கண்ணாடியில் நீலத் தொப்பி! ஐஸ்கிரீம் பெட்டிக்குப் பின்னால் பாய்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

லொரெதானாவின் கை மெஷினுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தது.

"என்ன போடட்டும், தூலியோ?"

"வழக்கமானது."

"ஒண்ணா... ரெண்டா?"

"ரெண்டு போடு."

கப்பு வந்தது, கிளாஸ் வந்தது. மாமா பால்நுரைக் கிளாஸை எடுத்து ஒரு வாய் குடித்தார். மீசையில் நுரை ஒட்டியது. நான் தலையை மட்டும் நீட்டிப் பார்த்தேன். அது அத்தையுடைய காபி ஆயிற்றே?

"லொரெதானா, எனக்கு ஒரு பொண்ணு இருக்காளாம். ஊரே சொல்லுது. எனக்கு மறதியாம், அதையும் சொல்றாங்க."

"யாரு சொன்னா?"

"எங்க போனாலும் நெரினாவோட கடுங்காபிய நீட்டுறாங்க. மலைமேல ஏறிப் போனாலும் அதேதான். அவளே எல்லா இடத்துலயும் எனக்கு முன்னால போய் நிக்கிறான்னா, உன் கடைய விட்டு ஓடி என்ன ஆகப்போகுது?"

அந்தக் கப்பை மேடையோரமாக, ஐஸ்கிரீம் பெட்டிப் பக்கம் மெல்லத் தள்ளினார்.

"எந்திரி ஜெம்மா. நீ சொன்ன காபி, நீயே குடி. சர்க்கரைய எடுக்காத."